எண்ணிக்கை இருக்கிறது, ஆன்டிபாடி எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எம்.டெக். புராஜெக்டுக்காக சிஹெச்ஓ செல்லில் (சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து வந்த செல்) ஒரு ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், தயாரிக்கிறேன். 125 மில்லி ஃபிளாஸ்க்கில் 30 மில்லி மீடியா (செல் வளரும் திரவம்). நாலாம் நாள் மில்லிக்கு 50 லட்சம் செல் வந்துவிடுகிறது, ஏழாம் நாளுக்குள் பாதி செத்துவிடுகிறது. ஆன்டிபாடி லிட்டருக்கு 200 மில்லிகிராம்தான். ஆரம்பத்திலேயே குளுக்கோஸை இரட்டிப்பாக்கினால் சரியாகுமா? (மாணவி, கோவை)

பதில்: வேண்டாம். முதலில் ஒரு கணக்கு போடுவோம். மொத்த ஆன்டிபாடி என்பது உயிரோடு இருந்த செல்களின் எண்ணிக்கை, அவை இருந்த நாட்கள், ஒரு செல் ஒரு நாளில் சுரக்கும் அளவு, இந்த மூன்றின் பெருக்கல், அவ்வளவுதான். உங்கள் ஃபிளாஸ்க்கில் சராசரியாக மில்லிக்கு 30 லட்சம் செல் 6 நாள் இருந்தது என்று வைத்தால், ஒரு செல் நாளுக்கு சுமார் 11 பைகோகிராம் (ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு) சுரக்கிறது. இது பிரமாதம் இல்லை, நல்ல குளோன்கள், அதாவது ஒரே செல்லிலிருந்து பெருக்கிய செல் கூட்டங்கள், 20, 40 என்று தரும். ஆனால் இதே குளோனை மில்லிக்கு 1 கோடி என்ற அளவில் 10 நாள் உயிரோடு வைத்தால் லிட்டருக்கு 1 கிராமைத் தாண்டிவிடும். அதனால் இப்போதே குளோனைத் தூக்கிப் போட வேண்டாம், அது சீக்கிரம் சாவதைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது.

குளுக்கோஸ் விஷயத்துக்கு வருகிறேன். இந்த செல்களுக்கு முன்னால் எவ்வளவு சர்க்கரை வைத்தாலும் அவசரமாக எடுத்து, பெரும்பகுதியை லாக்டேட்டாக (லாக்டிக் அமிலக் கழிவு) வெளியே தள்ளும். லாக்டேட் 20 மில்லிமோலாரைத் தாண்டினால் பல குளோன்கள் சுணங்க ஆரம்பிக்கும், பிஎச்சும் இறங்கும், அதைத் தூக்க நீங்கள் காரம் சேர்த்தால் ஆஸ்மொலாலிட்டி (கரைந்த பொருட்களின் செறிவு) ஏறும், ஆக ஒன்றைச் சரி செய்யப் போய் இன்னொன்று கெடும். குளுட்டமின் என்ற அமினோ அமிலம் அதிகமானாலும் இதே கதைதான், அங்கே சேர்வது அம்மோனியா. எனவே தொடக்கத்தில் கொட்டாமல், மூன்றாம் நாளிலிருந்து ஃபீட்டை (செறிவான கூடுதல் உணவை) கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், குளுக்கோஸ் லிட்டருக்கு 2 முதல் 4 கிராமுக்குள் நிற்கட்டும். தினமும் குளுக்கோஸ், லாக்டேட் இரண்டையும் அளந்து எழுதி வையுங்கள். சர்க்கரை நோயாளிகள் வைத்திருக்கும் குளுக்கோமீட்டரை வைத்தே குளுக்கோஸ் பார்க்கும் லேப்கள் உண்டு, முதலில் தெரிந்த அளவுள்ள மீடியாவில் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே செல் சாகிறதென்றால் தீர்ந்து போனது அமினோ அமிலமாக இருக்கலாம். ஆஸ்பரஜின், சிஸ்டீன், டைரோசின் மூன்றும் சீக்கிரம் காலியாகும். டைரோசின் நடுநிலை பிஎச்சில் சரியாகக் கரையாது, அதனால்தான் பல நிறுவனங்களின் ஃபீட் இரண்டு பாட்டிலாக வருகிறது, அதில் ஒன்று நல்ல காரம். டைரோசின் தீர்ந்த நிலையில் செல் தொடர்ந்து சுரந்தால், ஆன்டிபாடியில் அது இருக்க வேண்டிய இடத்தில் ஃபீனைல்அலனின் என்ற வேறு அமினோ அமிலம் நுழைந்துவிடலாம். அளவு வந்துவிட்டதே என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம், உள்ளே இருப்பது வேறு புரதம்.

இதெல்லாம் சரியான பிறகு வெப்பநிலையில் கை வைக்கலாம். எண்ணிக்கை உச்சத்தை நெருங்கும் நாளில் 37 டிகிரியிலிருந்து 32 அல்லது 33க்கு இறக்கினால் செல் பிரிவது குறையும், ஆயுள் கூடும், பல குளோன்களில் ஒரு செல்லின் சுரப்பும் ஏறும். எல்லாவற்றிலும் அப்படி நடக்காது, அதனால் 37இல் ஒரு ஃபிளாஸ்க்கைக் கட்டாயம் பக்கத்தில் ஓட்டுங்கள். ரொம்ப முன்னாலேயே இறக்கினால் செல் பெருகாமலே நின்றுவிடும். சோடியம் பியூட்டிரேட் என்ற உப்பைச் சேர்க்கச் சொல்லி சீனியர்கள் சொல்வார்கள், அது மரபணுவைத் தட்டி எழுப்பும், கூடவே செல்லைத் தற்கொலைக்கும் தள்ளும். உங்கள் செல் இப்போதே ஏழாம் நாளில் சாகிறது, எனவே இப்போதைக்கு அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள்.

கேள்வி: பாக்டீரியா மலிவு, வேகம். பிறகு ஏன் எலி வகைப் பிராணியின் செல்லைப் பிடித்துத் தொங்குகிறார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஆன்டிபாடி நாலு சங்கிலிகள் சேர்ந்தது, அதன் தண்டுப் பகுதியில் ஒரு சர்க்கரைக் கிளை இருக்கிறது. அந்தக் கிளை சரியில்லாவிட்டால் நோய் செல்லைக் கொல்ல நம் எதிர்ப்புச் செல்களைக் கூப்பிடும் வேலை கெடும். சாதாரண ஈ. கோலை பாக்டீரியா அதை ஒட்டவைக்காது. வெள்ளெலி செல் நமக்கு நெருக்கமான கிளையை வைக்கிறது. இந்த செல்லின் கதையே சுவாரஸ்யம். சீன வெள்ளெலிகள் 1948இல், கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடிப்பதற்குச் சற்று முன்பு, சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றின் வழித்தோன்றலான ஒரு பெண் வெள்ளெலியின் ஓவரியிலிருந்து, அதாவது சினைப்பையிலிருந்து, 1957இல் கொலராடோவில் தியோடோர் பக் என்ற விஞ்ஞானி பிரித்து வளர்த்த செல்கள்தான் இன்றைய சிஹெச்ஓவின் மூதாதை. 1987இல் ரத்தக்கட்டியைக் கரைக்கும் டிபிஏ மருந்து இந்த செல்லிலிருந்து முதலில் அனுமதி பெற்றது, 1997இல் ரிட்டுக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து வந்தது.

கேள்வி: மாட்டுக் கன்றின் சீரம் 10 சதவீதம் சேர்த்தால் செல் நன்றாக வளர்கிறது. ஹைப்ரிடோமாவில் (ஆன்டிபாடி சுரக்கும் செல்லும் புற்றுச் செல்லும் இணைந்த கலப்புச் செல்) அப்படியே தொடரலாமா? (ஆய்வு உதவியாளர், சென்னை)

பதில்: வளரும்தான். ஆனால் சீரத்தோடு மாட்டின் ஆன்டிபாடியும் வரும், ஆன்டிபாடியைப் பிடித்துச் சுத்திகரிக்கும் புரோட்டீன் ஏ குழாயில் அதுவும் ஒட்டும், கடைசியில் நீங்கள் அளப்பது யாருடையது என்றே தெரியாது. 10, 5, 2.5 என்று படிப்படியாகக் குறைத்து சீரம் இல்லாத மீடியாவுக்குப் பழக்குங்கள். ஒவ்வொரு படியிலும் உயிருள்ள செல் 90 சதவீதத்துக்கு மேல் வந்த பிறகே அடுத்த படி.

கேள்வி: ஹெக் 293 என்ற மனிதச் சிறுநீரகச் செல்லில் ஒரு வாரத்தில் கொஞ்சம் ஆன்டிபாடி வேண்டும். ஆன்டிபாடியின் ஹெவி (பெரிய), லைட் (சிறிய) சங்கிலிகளுக்கான மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையங்கள், அதாவது பிளாஸ்மிட், இரண்டும் சம அளவா? (பெயர் வேண்டாம் என்றவர், பெங்களூரு)

பதில்: சமமாகத் தொடங்கி, லைட் இரண்டு பங்கும் ஒரு முறை பாருங்கள். ஹெவி சங்கிலியை, லைட் வந்து சேரும்வரை பிப் என்ற புரதம் உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். லைட் தனியாகக்கூட வெளியே போய்விடும். அதனால் லைட் மிஞ்சினால் பெரிய தொல்லை இல்லை, ஹெவி மிஞ்சினால் செல்லுக்குத் திணறல். மறுநாள், மரபணுவைத் தட்டி எழுப்பும் வால்ப்ரோயிக் அமிலம் சேர்ப்பது பழைய, இன்னும் வேலை செய்யும் வழி. அறுவடை 5 முதல் 7 நாளில்.

கேள்வி: மூன்று மாதமாக நன்றாகச் சுரந்த குளோன் இப்போது பாதிதான் தருகிறது. ஃபீட்டை மாற்றிப் பார்த்துவிட்டேன், பலனில்லை. (அதே பெங்களூருக்காரர்)

பதில்: கறவை வற்றிய மாட்டுக்குப் புண்ணாக்கை மாற்றி என்ன ஆகும்? சேர்த்த மரபணுவின் பிரதிகள் சில தொலைந்திருக்கலாம், அல்லது பிரதி இருந்தும் அதை இயக்கும் சுவிட்சான சிஎம்வி புரோமோட்டர், மெத்தில் என்ற வேதிக்குறி ஏறி அடங்கிப் போயிருக்கலாம். சுரக்காத செல் வேகமாகப் பெருகும், கொஞ்ச நாளில் ஃபிளாஸ்க்கையே பிடித்துக்கொள்ளும். திரவ நைட்ரஜனில் வைத்த பழைய குப்பி ஒன்றை எடுத்து இன்றைய செல்லோடு பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். பழையது நன்றாகச் சுரந்தால், இனி குறிப்பிட்ட தலைமுறைக்கு மேல் போகாமல் புதுக் குப்பியிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன்னால் மைகோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இருக்கிறதா என்று ஒரு பிசிஆர் (டிஎன்ஏ சோதனை) செய்யுங்கள். அது இருந்தாலும் மீடியா கலங்காது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, ஆனால் அமினோ அமிலத்தைத் தின்றுவிடும். பாசிட்டிவ் வந்தால் மருந்து போட்டுக் காப்பாற்ற நினைக்காதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் எல்லா ஃபிளாஸ்க்கையும் ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் கலன்) போட்டு, இன்குபேட்டரைக் கழுவுங்கள்.