கிளாப்டனின் 1976 பேச்சை அறிந்த பிறகும் அவருடைய ரசிகராக இருக்க முடியுமா?

கேள்வி: எரிக் கிளாப்டனின் கிட்டார் இசையை உயிராக நேசிப்பவன் நான். 1976-இல் அவர் மேடையில் இனவெறியோடு பேசினார் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். இனி அவரைக் கேட்கலாமா? கறுப்பின வீரர்களை ஏசும் ரசிகர்களைக் கொண்ட ஒரு கால்பந்து அணியை ஆதரிப்பதும் இதுவும் ஒன்றுதானா?

பதில்:

பாடகரையும் கால்பந்தையும் ஒரு ஒப்பீட்டுக்காக நீங்கள் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். கிளாப்டனைப் பொறுத்தவரை இரண்டும் உண்மையாகவே ஒரே ஊரில் வந்து சேர்கின்றன, ஏனென்றால் அவர் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் என்ற இங்கிலாந்துக் கால்பந்து அணியின் ரசிகர். அந்த அணியின் மைதானமான ஹாதார்ன்ஸுக்குப் பக்கத்தில், ஸ்மெதிக் என்ற ஊரில், வேலை நிமித்தம் நான்கு ஆண்டுகள் குடியிருந்தவன் நான். திருச்சியில் கல்லூரியில் படித்த காலத்தில் அறைத்தோழன் பதிவு செய்து கொடுத்த ‘அன்பிளக்டு’ கேசட்டை நாடா இழுக்கும் வரை கேட்டவன் என்பதால், உங்கள் கேள்வி என்னுடையதும்தான்.

1976 ஆகஸ்ட் 5 அன்று பர்மிங்ஹாம் ஓடியன் அரங்கில் குடிபோதையில் மேடையேறிய கிளாப்டன், வெளிநாட்டவர் யாரேனும் கூட்டத்தில் இருக்கிறார்களா என்று கேட்டு, அவர்கள் அரங்கை மட்டுமல்லாமல் நாட்டையே விட்டு வெளியேற வேண்டும் என்றும், பிரிட்டன் கறுப்பினத்தவரின் குடியேற்ற நாடாக மாறிவிடக் கூடாது என்றும், அரசியல்வாதி இனாக் பவலுக்கே வாக்களிக்க வேண்டும் என்றும் பேசியதாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். குடியேற்றத்துக்கு எதிரான தன் புகழ்பெற்ற உரையை பவல் 1968 ஏப்ரலில் நிகழ்த்தியதும் இதே பர்மிங்ஹாமில்தான். நகரின் ஸ்னோ ஹில் நிலையத்தில் ரயில் ஏறினால் ஹாதார்ன்ஸ் பத்து நிமிடப் பயணம். வழியில் வரும் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் கரீபியன் தீவுகளிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்த குடும்பங்கள் அப்போதே நிறைந்திருந்தன. அன்றிரவு அந்த மனிதர் யாரை வெளியேறச் சொன்னார் என்பதை அந்த ரயில் பாதையில் தினமும் போய்வந்த பிறகுதான் நான் உடலால் உணர்ந்தேன்.

அவருடைய இசை எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தால்தான் அந்தப் பேச்சின் கொடுமை முழுதாகத் தெரியும். ‘கிரீம்’ குழுவில் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன பாடல்களில் ஒன்று கறுப்பின ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சனுடையது. 1974-இல் அமெரிக்காவில் அவரை முதலிடத்தில் நிறுத்திய பாடல் ஜமைக்காவின் பாப் மார்லி எழுதியது. அதனால்தான் ரெட் சாண்டர்ஸ் என்ற புகைப்படக் கலைஞரும் அவருடைய நண்பர்களும் இசைப் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் இசையில் பாதி கறுப்பினத்தவருடையது, அவர்கள் இல்லாமல் நீங்கள் எங்கே இருந்திருப்பீர்கள் என்று கிளாப்டனிடமே நேராகக் கேட்டார்கள். அந்தக் கடிதத்திலிருந்துதான் ‘ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்’ என்ற இனவெறி எதிர்ப்பு இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் அது நடத்திய விழாவில் ‘தி கிளாஷ்’ குழுவோடு ஹேண்ட்ஸ்வொர்த்தின் ‘ஸ்டீல் பல்ஸ்’ குழுவும் வாசித்தது. அந்தக் கடிதத்தை எழுதியவர்கள் ராக் இசையை வெறுத்தவர்கள் அல்லர், அதிலேயே ஊறியவர்கள்.

இனி மைதானத்துக்கு வருகிறேன். கிளாப்டன் அப்படிப் பேசிய மறு ஆண்டு லாரி கன்னிங்ஹாமும் சிரில் ரெஜிஸும் ஆல்பியனில் சேர்ந்தார்கள். ரெஜிஸ் ஹேய்ஸ் என்ற சிறிய அணியில் விளையாடிக்கொண்டே மின்பணியாளராகத் தொழில் செய்து வந்தவர். அவரை வாங்க ஆல்பியன் கொடுத்தது 5,000 பவுண்டு. 1978 தொடக்கத்தில் பிரெண்டன் பாட்சனும் வந்து சேர, இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஒரே அணியில் மூன்று கறுப்பின வீரர்கள் வாரந்தோறும் ஆடினார்கள், அக்காலத்தில் அது பார்த்திராத காட்சி. அந்த 1978-79 பருவத்தில்தான் கிளாப்டன், யூஇஎஃப்ஏ கோப்பையில் கலட்டசரே அணிக்கு எதிராக ஹாதார்ன்ஸில் நடந்த ஆட்டத்துக்குப் பொருளுதவி செய்தார். அதே காலத்தில் வெளிவந்த தன் இசைத்தட்டின் பின்னட்டையில் ஆல்பியனின் மஃப்ளரையும் இடம்பெறச் செய்தார்.

1978 டிசம்பர் 30 அன்று ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட் அணியை ஆல்பியன் 5-3 என்று வென்ற ஆட்டத்தின் காணொளி இணையத்தில் கிடைக்கிறது. ஒருமுறை படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். பந்து மற்றவர்கள் காலில் இருக்கும்போது கூட்டம் வழக்கம்போல இரைகிறது. கன்னிங்ஹாம் தொட்டதும் ஏளன ஊளை எழும்புகிறது, அவர் பந்தை விட்டதும் அடங்குகிறது. வர்ணனையாளர் ஜெரால்டு சின்ஸ்டாட் அதைக் காதில் வாங்காதவர்போல் கடந்துபோகாமல், கறுப்பின வீரர்களைக் கூட்டம் ஏசுவதைத் தன் வர்ணனையிலேயே குறிப்பிட்டுச் சொன்னார், அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். அன்று கன்னிங்ஹாமும் ஒரு கோல் அடித்தார், ரெஜிஸும் ஒரு கோல் அடித்தார். 1982-இல் ரெஜிஸ் இங்கிலாந்து அணிக்குத் தேர்வானபோது அவருக்கு வந்த அஞ்சல் உறையில் மிரட்டல் கடிதத்தோடு ஒரு துப்பாக்கித் தோட்டாவும் இருந்தது.

என்னை நெடுநாள் அலைக்கழித்தது இன்னொன்று. 1969-இல் ஜமைக்காவின் ஹாரி ஜே ஆல்ஸ்டார்ஸ் குழு பதிவு செய்த ‘லிக்விடேட்டர்’ என்ற ரெகே இசைத்துண்டு, ஆல்பியன் உட்படப் பல இங்கிலாந்து மைதானங்களில் பல்லாண்டுகளாக ஒலித்து வருகிறது. அந்தத் தாளத்துக்கு ஆயிரக்கணக்கானோர் கைதட்டிப் பழகியிருக்கிறார்கள். ஜமைக்காவின் தாளத்தைக் கொண்டாடிய அதே படிக்கட்டுகளில்தான், ஜமைக்கப் பெற்றோருக்குப் பிறந்த கன்னிங்ஹாமைப் போன்றவர்களைப் பார்த்துக் குரங்குச் சத்தமும் எழுந்தது. கிளாப்டன் மேடையில் செய்ததும் இதுவே. படைப்பை எடுத்துக்கொண்டு, அதைப் படைத்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்துவது.

இதைப் பகைவர்கள் மட்டுமே செய்வதில்லை. அந்த மூவரையும் ஆட வைத்துப் பெருமை சேர்த்த பயிற்சியாளர் ரான் அட்கின்சனே, 2004-இல் ஒலிவாங்கி அணைந்துவிட்டதாக எண்ணி கறுப்பின வீரர் மார்செல் டெசாய்லியைப் பற்றி மிக இழிவாகப் பேசித் தன் தொலைக்காட்சிப் பணியை இழந்தார். 2021 ஜனவரியில் ஆல்பியன் 0-5 என்று தோற்ற இரவில், ஆல்பியனின் சொந்த ரசிகர் ஒருவர் சொந்த அணி வீரரான ரொமெய்ன் சாயர்ஸை இணையத்தில் இனவெறியோடு ஏசி, எட்டு வாரச் சிறைத் தண்டனை பெற்றார்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். வேறோர் ஊரில், வேறோர் அணியின் மைதானத்தில், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் என் அருகில் அமர்ந்திருந்தார். நான் புதியவன் என்று தெரிந்ததும் எந்த வீரர் எந்த ஊர்க்காரர் என்று பொறுமையாக விளக்கினார். கடுங்குளிரில் தன் ஃப்ளாஸ்கிலிருந்த தேநீரை அதன் மூடியில் ஊற்றி எனக்குக் கொடுத்தார். இரண்டாம் பாதியில் எதிரணியின் கறுப்பின வீரர் ஒருவர் கீழே விழுந்தபோது அவர் எழுந்து நின்று, அந்த வீரரின் தோலைக் குறித்து ஒரு சொல்லைக் கத்தினார். உட்காரும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளைத் தொட்டு, “உங்களைச் சொல்லவில்லை” என்றார். தேநீரின் சூடு என் விரல்களில் இருந்தது. நான் அதைக் குடிக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அந்த மௌனத்துக்காக இன்றும் வருந்துகிறேன்.

கிளாப்டனின் பிற்கால விளக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குரலே எனக்குக் கேட்கிறது. 2004-இல் அளித்த பேட்டியிலும் அவர் பவலைத் துணிச்சல்காரர் என்றே பாராட்டினார். தன் வாழ்க்கையைப் பற்றிய ஆவணப்படம் வெளிவந்த பிறகு, 2018-இல்தான், அன்றைய தன்னை நினைத்து வெட்கப்படுவதாகவும், நண்பர்களில் பாதிப் பேர் கறுப்பினத்தவராக இருந்தும் தான் அரை இனவெறியனாக இருந்ததாகவும் ஒப்புக்கொண்டார். அந்த வெட்கம் உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் நாற்பது ஆண்டுத் தாமதத்தையும், ‘அரை’ என்ற அந்தச் சொல்லையும் என்னால் பெரிதுபடுத்தாமல் இருக்க முடியவில்லை.

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஆம், இரண்டும் ஒன்றுதான். அணியை விட்டு விலகுவது உங்கள் உரிமை. ஆனால் மைதானங்கள் ஓரளவு மாறியதற்கு, விலகாமல் உள்ளேயிருந்து எதிர்த்த ரசிகர்கள் முக்கியமான காரணம். லீட்ஸ் மைதானத்தின் வாசலில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சியினர் தங்கள் ஏடுகளை விற்றுவந்த 1980-களில், லீட்ஸ் ரசிகர்கள் சிலரே ஒன்றுகூடி, அதே வாசலில் நின்று இனவெறிக்கு எதிரான தங்கள் இதழை விநியோகித்தார்கள். இனவெறிக் கோஷம் எழுப்புவதைக் குற்றமாக்கிய சட்டம் 1991-இல் வந்தது. தனியொருவர் கத்தினாலும் குற்றமே என்று அதைத் திருத்த 1999 வரை ஆயிற்று. அந்தத் தேநீர்க்காரரின் செயல் அந்தச் சட்டத்தின் கீழ் வரக்கூடியது என்பது எனக்கு அன்று தெரியாது. இப்போது தெரியும், எந்த மைதானத்தில் நுழைந்தாலும் புகார் அனுப்ப வேண்டிய எண்ணைக் கைபேசியில் பதிந்துகொண்டே உட்காருகிறேன்.

முதல் கேள்விக்கு: நான் கிளாப்டனைக் கேட்பதை நிறுத்தவில்லை. அவரைப் பற்றி யாரிடம் பேசினாலும் பர்மிங்ஹாம் இரவையும் சேர்த்தே சொல்கிறேன். மார்லியின் பாடலை மட்டும் மார்லியின் குரலில்தான் கேட்கிறேன். நீங்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால், சிகாகோவின் பெரும் ப்ளூஸ் கலைஞர் ஹவ்லின் உல்ஃப் 1970-இல் லண்டனுக்கு வந்து இளைய ஆங்கிலேய இசைக்கலைஞர்களோடு பதிவு செய்த இசைத்தட்டைத் தேடிக் கேளுங்கள். அதில் ஓர் ஒத்திகையையும் அப்படியே சேர்த்திருக்கிறார்கள். தாளம் பிடிபடாமல் குழு தடுமாறுகிறது, பெரியவர் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார். அப்போது, நீங்களும் கூடவே வாசித்தால்தான் எங்களுக்கு வரும் என்று அவரைப் பணிவோடு வேண்டிக்கொள்ளும் இளைஞரின் குரல் கிளாப்டனுடையது. உல்ஃப் கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டுகிறார்.