கடைசி ஓவர் மட்டும் போதுமா? – கிரிக்கெட் கேள்வி பதில்

2006-ல் ஜொஹானஸ்பர்க் வாண்டரர்ஸ் மைதானத்தில் நம் தென்னாப்பிரிக்க அணி ஆஸ்திரேலியாவின் 434 ரன்னைத் துரத்திப் பிடித்ததே, அதுதான் ஒருநாள் ஆட்டங்களில் தலைசிறந்தது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். ஸ்கோர் பெரியது என்பதைத் தவிர அதில் என்ன இருக்கிறது, ஐயா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

நிறைய இருக்கிறது. ஸ்கோர் பெரிதாக இருந்தும் முப்பதாவது ஓவரிலேயே சப்பென்று போன ஆட்டங்கள் எத்தனையோ. நாம் பார்க்க வேண்டியது, ஆட்டம் எத்தனை முறை கைமாறியது என்பதை. ஸ்கோர் புத்தகம் கையில் இருந்தால் இதை நீங்களே கணக்குப் பார்த்துவிடலாம். துரத்தும் அணியின் விக்கெட் விழும்போதெல்லாம் மீதி ரன், மீதி பந்து, மீதி விக்கெட் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மீதி ரன்னை மீதி பந்தால் வகுத்து ஆறால் பெருக்கினால் ஓவருக்கு எத்தனை ரன் வேண்டும் என்பது வந்துவிடும்.

அந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2006 மார்ச் 12, தொடர் 2-2 என்று நிற்கிறது. ஆஸ்திரேலியா 434/4, பாண்டிங் 105 பந்தில் 164. ஒருநாள் ஆட்டத்தில் 400-ஐத் தாண்டிய முதல் ஸ்கோர் அதுதான். நமக்கு இலக்கு 435, ஓவருக்கு 8.7. மூன்று ரன்னிலேயே டிப்பெனார் போய்விட்டார். பிறகு ஸ்மித் 55 பந்தில் 90, கிப்ஸ் 111 பந்தில் 175. கிப்ஸ் ஆட்டமிழந்தபோது ஸ்கோர் 299/4, 109 பந்தில் 136 வேண்டும். அதாவது ஓவருக்கு ஏழரை. ஆட்டம் நம் கையில்.

42.1 ஓவரில் கெம்ப் ஆட்டமிழக்கிறார், 355/6. இப்போது 47 பந்தில் 80; தேவை 10.2 ஆகிவிட்டது, ஆட்டம் அவர்கள் கைக்குப் போகிறது. வான் டெர் வாத் 18 பந்தில் 35 அடித்துவிட்டுப் போகும்போது 21 பந்தில் 36. விகிதம் ஏறக்குறைய அதேதான், ஆனால் கையில் மூன்றே விக்கெட். 49-வது ஓவரில் டெலிமாக்கஸ் போனபோது 10 பந்தில் 12. மறுபடியும் நம் பக்கம்.

கடைசி ஓவர் பிரெட் லீ, ஏழு ரன் வேண்டும். பௌச்சர் ஒன்று. ஹால் நான்கு. அடுத்த பந்தில் ஹால் கேட்ச். கடைசி ஆட்டக்காரர் நிடினி ஒரு ரன்னைத் தட்டிவிட ஸ்கோர் சமம். ஐந்தாவது பந்தில் பௌச்சர் பவுண்டரி, 438/9. ஒரு பந்து மீதி, ஒரு விக்கெட் மீதி. பவுண்டரி அடித்தவுடனே இரண்டு ரன் வேண்டிய நிலையில் ஹால் அவுட் ஆனதுதான் அந்த ஓவரின் உயிர். அது இல்லாவிட்டால் சுலபமாக முடிந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜொஹானஸ்பர்க் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு, பந்து கூடுதல் தூரம் பறக்கும். அதே அடி நம் டர்பனில் எல்லைக்கோட்டருகே கேட்சாக முடியலாம். பந்துவீச்சாளர்களுக்கு அன்று பிழைக்க வழியில்லை. ஆஸ்திரேலியாவின் லூயிஸ் 10 ஓவரில் 113 ரன் கொடுத்து ஒரு விக்கெட்கூட எடுக்கவில்லை. அதில் 67 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்த பிராக்கனின் உழைப்பை நாம் மறந்துவிடுகிறோம். கிப்ஸ் 130 ரன்னில் இருந்தபோது கொடுத்த கேட்சைக் கோட்டைவிட்டவரும் அவரே!

அப்படியானால் அதைவிடச் சிறந்தது எது?
– வாசகி, டோங்காட்

மனம் கனத்தாலும் சொல்கிறோம்: 1999 ஜூன் 17, இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டன், ஆஸ்திரேலியாவோடு உலகக் கோப்பை அரையிறுதி. மட்டையும் பந்தும் அங்கே சரிசமமாக மோதின. ஆஸ்திரேலியா 213, பொல்லாக் ஐந்து, டொனால்ட் நான்கு விக்கெட். நாம் விக்கெட் இழக்காமல் 48-லிருந்து சுழற்பந்து வீச்சாளர் வார்னிடம் சிக்கி 61/4 ஆனோம். காலிஸும் ரோட்ஸும் 84 ரன் சேர்த்து மீட்டார்கள். கடைசி ஓவரில் ஒன்பது வேண்டும், கையில் ஒரே விக்கெட். குளூஸ்னர் முதல் இரண்டு பந்தையும் பவுண்டரிக்கு விரட்டினார். நான்கு பந்தில் ஒரு ரன்!

மூன்றாவது பந்திலேயே டொனால்ட் ரன் அவுட் ஆகியிருப்பார், லீமனின் எறி ஸ்டம்பில் படவில்லை. நான்காவது பந்தில் குளூஸ்னர் ஓடிவிட்டார். டொனால்டோ பந்தையே பார்த்துக்கொண்டு நின்று, மட்டையையும் நழுவவிட்டு, தாமதமாக ஓடி ரன் அவுட் ஆனார். 213-க்கு 213. அரையிறுதிக்கு முந்தைய சூப்பர் சிக்ஸ் சுற்றில் ரன் விகிதத்தில் முந்தியிருந்ததால் ஆஸ்திரேலியா இறுதிக்குப் போனது. ஒரு ரன்னின் விலை அவ்வளவு. தோற்றவர்கள் நாம் என்பதற்காக அதைக் கீழே இறக்க முடியாது.

2003 உலகக் கோப்பையில் டர்பன் கிங்ஸ்மீட்டில் இலங்கையோடு சமன் ஆனதும் அந்த வரிசையில் வருமா? அன்று தவறு எங்கே நடந்தது?
– வாசகர், பீனிக்ஸ்

வராது. மறக்க முடியாத ஆட்டம் வேறு, சிறந்த ஆட்டம் வேறு. மார்ச் 3 அன்று அட்டபட்டு 124 அடிக்க, இலங்கை 268/9. நாம் ஆடும்போது மழை. 45-வது ஓவரை வீசியவர் முரளிதரன். ஐந்தாவது பந்தை பௌச்சர் சிக்ஸருக்குத் தூக்கினார், ஸ்கோர் 229/6. அது போதும் என்று நினைத்துக் கடைசிப் பந்தைத் தட்டிவிட்டு ஓடாமல் நின்றார். மழை வலுத்தது, ஆட்டம் அத்தோடு சரி. உலகக் கோப்பையிலிருந்தே நாம் வெளியேறினோம்.

மழையால் ஆட்டம் நின்றால் முடிவைக் கணிக்க உதவும் டக்வொர்த்-லூயிஸ் தாளில் ஓவருக்கு ஒரு வரிசையும் விழுந்த விக்கெட்டுக்கு ஒரு கட்டமும் இருக்கும். அதில் அச்சிட்டிருக்கும் எண் சமநிலைக்கானது. வெல்ல அதற்கு மேல் ஒன்று வேண்டும், அதாவது அன்று 230. விக்கெட் விழுந்தால் அடுத்த கட்டத்துக்கு நகர வேண்டும், எண் கூடிவிடும். மழை மேகம் கண்டால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒன்று கூட்டிப் பென்சிலால் எழுதி, அந்தத் தாளை உள்ளே அனுப்புங்கள்.

2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டி?
– வாசகர், மெரிபேங்க்

ஆட்டம் முதல் தரம். இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 241-க்கு 241, சமனை முறிக்க ஆளுக்கு ஒன்றாக ஆடிய சூப்பர் ஓவரிலும் 15-க்கு 15. பவுண்டரி எண்ணிக்கை 26-17 என்று இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தது சரியான தீர்ப்பு அல்ல; அந்த விதியை சர்வதேச கிரிக்கெட் மன்றமான ஐசிசி அதே ஆண்டு கைவிட்டது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கும் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். மீதி பந்து ஒத்துவரவில்லையே?
– வாசகர்கள், வெருளம்

வைடையும் நோ-பாலையும் பந்தாக எண்ணியிருப்பீர்கள். ரன் சேரும், ஓவரில் பந்து கழியாது. ஆறு முறையான பந்து முடிந்த பிறகே ஓவருக்குக் கீழே கோடு போடுங்கள். ஓவர் முடிந்ததும் இரண்டு ஸ்கோரர்களும் மொத்தத்தை வாய்விட்டுச் சொல்லி ஒப்பிடுங்கள். மட்டையில் படாமல் கிடைக்கும் பை, லெக் பை ரன்களைப் பந்துவீச்சாளர் கணக்கில் எழுதிவிட்டால் பந்துவீச்சுக் கூட்டல் இடிக்கும். அவை உதிரி ரன்களின் கட்டத்துக்கு மட்டுமே போக வேண்டும்.