சூனியக்காரி என்று சொன்னது யார்?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, படிவம் 2 படிக்கிறாள். சூனியக்காரிகளைப் பற்றிய காணொளிகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்தில் நிஜமாகவே கொன்றார்களா அம்மா?" என்று துளைத்தெடுக்கிறாள். போன வருடம் எங்கள் வாசலில் சிவப்புத் துணியில் சுற்றிய முட்டை ஒன்று கிடந்தது. அன்றிலிருந்து என் மாமியார், அது சின்ன மாமியார் வைத்த செய்வினை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். மகளுக்கு நான் எதைச் சொல்வது, எதை விடுவது? – ஒரு தாய், பிறை.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

எல்லாவற்றையும் சொல்லுங்கள். 14 வயது அதற்கு ஏற்ற வயதுதான். ஆனால் "செய்வினை உண்டா, இல்லையா" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பாட்டி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம், பிள்ளை நடுவில் என்று ஆகிவிடும். யாரைச் சொன்னார்கள், சொன்னது யார், அந்த நேரத்தில் அந்த ஊருக்கு என்ன கஷ்டம் என்று கேட்கப் பழக்குங்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். (நம் தமிழ்நாட்டுச் சேலம் வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) 1692இல் அங்கே 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். குற்றவாளியா இல்லையா என்று நீதிமன்றத்தில் பதில் சொல்லவே மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கற்களை ஏற்றி நசுக்கியே கொன்றார்கள். முதலில் மாட்டியவர்கள் மூன்று பெண்கள்: அடிமையாக இருந்த டிடுபா, வீடு வீடாகக் கையேந்திய சாரா குட், நோயாளியான சாரா ஆஸ்போர்ன். கேட்பதற்கு நாதியில்லாதவர்கள். குற்றம் சொன்னவர்களில் ஒருத்திக்கு 9 வயது, ஒருத்திக்கு 11, இன்னொருத்திக்கு 12. எல்லையில் போர் நடந்துகொண்டிருந்தது. ஊருக்குள் நிலத்தகராறு, பாதிரியாரின் சம்பளத் தகராறு. "அவளுடைய ஆவி வந்து என்னைக் கிள்ளியது" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது சாட்சி. இல்லை என்று எதை வைத்து நிரூபிப்பது? ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள், பொய் சொல்ல மாட்டேன் என்றவர்கள் தூக்கில் தொங்கினார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். மகளே ஏதாவது கேட்பாள்.

அந்த 12 வயது ஆன் புட்னம் வளர்ந்து, 1706இல் தேவாலயத்தில் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டாள். அதே ஊர் வழக்கில் தண்டனை பெற்று, தூக்கிலிருந்து தப்பிய எலிசபெத் ஜான்சன் என்ற இளம்பெண்ணின் மேல் விழுந்த பழி மட்டும் மற்றவர்களுடையதைப் போலத் துடைக்கப்படாமலே கிடந்தது. 2022இல்தான் துடைக்கப்பட்டது. அதற்காக மனுப்போட்டுப் போராடியவர்கள் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். உங்கள் மகள் வயதுதான்! இதை அவசியம் சொல்லுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று அவள் நினைத்துவிடக் கூடாது. இந்தியாவின் ஜார்க்கண்டில் சூனியக்காரி என்று பட்டம் கட்டுவதைத் தடுக்க 2001இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. அப்படிப் பட்டம் கட்டப்பட்டுத் துன்பப்பட்ட சுட்னி மஹதோ என்ற பெண்மணி, தன்னைப் போன்ற பல பெண்களைக் காப்பாற்றியதற்காக 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். நம் மலேசியாவிலும் 1970களில் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த கம்பத்து (மலாய்க் கிராமத்து) பெண்கள் திடீர் திடீரென்று அலறினார்கள், பேய் பிடித்துவிட்டது என்றார்கள். நிர்வாகம் போமோவை (மலாய் மந்திரவாதியை) அழைத்தது, ஆடு வெட்டியது. பினாங்கில் பிறந்த மானிடவியலாளர் ஐவா ஓங் அந்தப் பெண்களோடு பேசிப் பார்த்தார். மணிக்கணக்கில் நுண்நோக்கியில் கண்ணைப் பதித்த வேலை, ஓயாத கண்காணிப்பு. அந்த அலறலில் அவருக்குக் கேட்டது அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது நம் சங்கப் பாட்டு. மகள் மெலிந்து போகிறாள், தாய்க்குக் காரணம் தெரியவில்லை. முருகன் பிடித்து வருத்துகிறான் என்று வேலன் என்ற முருகன் பூசாரியைக் கூப்பிட்டு ஆட்டுக்குட்டியைப் பலியிடுகிறார்கள். குறுந்தொகை 362இல் தோழி அந்த வேலனையே கேட்கிறாள்: இவளை இப்படி ஆக்கிய மலைநாட்டுக்காரனின் மாலையணிந்த மார்பும் இந்தப் பலியை உண்ணுமா? அவளுக்கு விஷயம் தெரியும், காதல் நோய்! சுமார் 2000 வருடங்களுக்கு முன்பே ஒரு தமிழ்ப்பெண், பூசாரி முகத்துக்கு நேரே இதைக் கேட்டிருக்கிறாள். பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். உப்பும் மிளகாயும் சுற்றிப் போடட்டும், அது யாரையும் நோகடிக்காது. ஒரு மனுஷியின் பெயரைச் சொல்வது அப்படியில்லை.

நான் வளர்ந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில். லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். ஒரு குழந்தை காய்ச்சலில் இறந்த பிறகு அவரைப் பற்றிப் பேச்சுக் கிளம்பியது. குழாயடியில் அவர் வாளியை வைத்தால், வரிசையில் இருந்த மற்ற வாளிகள் ஒவ்வொன்றாக நகர்ந்துவிடும். ஈயம் பூசிய பழைய வாளி, கைப்பிடியில் துணி சுற்றியிருக்கும். அது மட்டும் தனியாக நிற்கும். எனக்கு 10 வயது. நானும் என் வாளியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் நிறையும்வரை குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இறந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, என்னால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை.

உங்கள் சின்ன மாமியார் இருக்கிறார். முட்டையை வைத்ததை யாராவது கண்ணால் பார்த்தார்களா என்று மாமியாரிடம் ஒருமுறை, கோபமில்லாமல், மகள் இருக்கும்போதே கேளுங்கள். அப்புறம் இந்த மாதத்துக்குள் ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு சின்ன மாமியார் வீட்டுக்குப் போங்கள். மாமியாரிடம் சொல்லிவிட்டே போங்கள். அங்கே தேநீர் கொடுத்தால் இரண்டு பேரும் வாங்கிக் குடியுங்கள்.