உடற்பயிற்சியின்போது கொட்டாவி: மூச்சுக் குறைவா, தூக்கக் குறைவா?

கேள்வி: நான் 38 வயதுப் பெண். மூன்று மாதங்களாக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறேன். தொடங்கிய கால் மணி நேரத்திலேயே கொட்டாவி வர ஆரம்பிக்கிறது. ஒரு செட் முடித்து அடுத்ததற்காகப் பெஞ்சில் உட்கார்ந்தால் கண்கள் சொருகுகின்றன. உடலுக்கு ஆக்ஸிஜன் போதவில்லை என்று சொல்லும் பயிற்சியாளர், பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் ஒரு பவுடரை வாங்கச் சொல்கிறார். நுரையீரலிலோ இதயத்திலோ கோளாறு இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளலாமா? காலை 5 மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றோடு 5.30 மணிக்கெல்லாம் கூடத்தில் இருப்போம். இரவு படுப்பதற்கு 12 மணி ஆகிவிடும். உடன் வரும் என் கணவருக்கும் இப்போது கொட்டாவி வருகிறது. அவர் சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். என்னைப் பார்த்துத்தான் அவருக்கும் தொற்றிக்கொண்டது என்று சிரித்துக்கொள்வோம்.

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான இரண்டு செய்திகளும் கடைசியில், போகிறபோக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்று, நீங்கள் தூங்கும் நேரம். மற்றொன்று, உங்கள் கணவருடைய கொட்டாவி. முதலாவது உங்கள் கேள்விக்கான விடை. இரண்டாவது நீங்கள் கேட்காத கேள்வி. ஆனால் எனக்கு உங்களைவிட அவரைப் பற்றித்தான் கவலை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த ஆக்ஸிஜன் கதையை முடித்துவிடுவோம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் கொட்டாவி வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைப் பலர் இன்றும் நம்புகிறார்கள். 1987-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சிலரைச் சுத்தமான ஆக்ஸிஜனைச் சுவாசிக்க வைத்தார்கள், கொட்டாவி குறையவில்லை. கரியமில வாயு கூடுதலாகக் கலந்த காற்றைக் கொடுத்தார்கள். மூச்சு வேகமானதே தவிர, கொட்டாவி கூடவில்லை. உடற்பயிற்சி செய்ய வைத்தும் பார்த்தார்கள். அதிலும் மூச்சு வாங்கியதே தவிர, கொட்டாவி கூடவில்லை. இவ்வளவுக்கும் ஆய்வகம்கூட வேண்டியதில்லை, உங்கள் கடிதமே போதும். ஆக்ஸிஜன் குறைவுதான் காரணம் என்றால், மூச்சிரைக்க எடை தூக்கும்போதுதானே கொட்டாவி வர வேண்டும்? உங்களுக்கோ எடையைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் கண் சொருகுகிறது.

கொட்டாவி எதற்காக வருகிறது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. சூடேறிய மூளையைக் குளிர்விக்கும் வழி அது என்று ஆண்ட்ரூ காலப் என்பவர் 2007-இல் முன்வைத்த கருத்துக்கு ஆதரவும் இருக்கிறது, எதிர்ப்பும் இருக்கிறது. ஆனால் உடல் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் வேளைகளில், அதாவது தூக்கத்திலிருந்து விழிப்புக்கும் விழிப்பிலிருந்து தூக்கத்துக்கும் போகும் வேளைகளில், அது அதிகமாக வருகிறது என்பது தெளிவு. பதற்றமான காரியத்துக்கு முன்னாலும் வரும். பனிச்சறுக்கு ஓட்ட வீரர் அப்போலோ ஓனோ, ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சற்று முன்பு வாய் நிறையக் கொட்டாவி விட்டதை உலகமே பார்த்தது. எட்டுப் பதக்கங்கள் வென்ற அவருடைய நுரையீரலை யாரும் சந்தேகிக்கவில்லை.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். நள்ளிரவு 12 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்தால், படுத்தவுடனே தூங்கிவிட்டதாக வைத்துக்கொண்டாலும் ஐந்து மணி நேரம்தான். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஆறு நாளில் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் பாக்கி. அந்தப் பாக்கியோடு நீங்கள் எடை தூக்குகிறீர்கள். போதாக்குறைக்கு, விழித்த பிறகும் மூளை முழுதாக விழித்துக்கொள்ளச் சாதாரணமாகக் கால் மணியிலிருந்து அரை மணி நேரம் ஆகும். தூக்கம் குறைந்தவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். நீங்கள் எழுந்த அரை மணி நேரத்தில் கூடத்தில் இருக்கிறீர்கள். ஓடும்போதும் தூக்கும்போதும் உடல் தன்னைத் தட்டி எழுப்பிக்கொள்கிறது. நாடி சற்றே தணிந்து, கை காலைத் தளர்த்தி, சுவரைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் உட்காரும்போது பழைய பாக்கி வந்து நிற்கிறது. அந்த இடைவெளியில் உட்காராமல் மெதுவாக நடந்து பாருங்கள். கொட்டாவி பாதியாகக் குறைந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். காற்றோட்டமில்லாத வெக்கையான அறையும், தண்ணீர் குடிக்காமல் வருவதும் சோர்வைக் கூட்டும். ஆனால் அவை உங்கள் விஷயத்தில் துணைக் காரணங்கள்தான்.

அடுத்து அந்தப் பவுடர். என்னிடம் வருபவர்களிடம் டப்பாவை எடுத்துவரச் சொல்லி, அதன் முதுகைத் திருப்பிப் படிப்பது என் வழக்கம். முகப்பில் இடி மின்னல் படம் இருக்கும். முதுகில், எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய அளவுக்குப் பொடி எழுத்தில், ஒரு கரண்டிக்கு 150 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் என்று இருக்கும். ஒரு கோப்பை காபியில் ஏறக்குறைய 100 மில்லிகிராம்தான். ஆரோக்கியமான ஒருவருக்கு நாள் முழுவதற்குமான வரம்பே 400 மில்லிகிராம். சில டப்பாக்களில் அந்த அளவைக்கூட எழுதியிருக்க மாட்டார்கள். ‘எங்கள் தனிக் கலவை’ என்று ஒரு வரியில் எல்லாவற்றையும் மூடி மறைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட பவுடர்களில் சேர்க்கப்பட்டு வந்த டிஎம்ஏஏ என்ற ஊக்கப்பொருள் ரத்த அழுத்தத்தை ஏற்றி மாரடைப்புவரை கொண்டுபோகக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-இல் எச்சரிக்க வேண்டியிருந்தது. மருந்தென்றால் விற்பனைக்கு வருவதற்கு முன்பே ஆயிரம் கேள்வி கேட்கும் அமைப்புகள், அதே வேலையைச் செய்யும் ஒரு பொருள் ‘சத்து’ என்ற பெயரில் வந்தால், யாராவது விழுந்து கிடக்கும் வரை காத்திருக்கின்றன. இதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

காஃபின் தூக்கத்தைத் தீர்ப்பதில்லை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் ‘போய்ப் படு’ என்று சொல்வது. காஃபின் அந்தக் குரல் கேட்காதபடி காதைப் பொத்துகிறது, அவ்வளவுதான். குடித்ததில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். காலையில் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டால் இரவுத் தூக்கம் பெரிதாகக் கெடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கியவர் காலையோடு நிறுத்தி நான் பார்த்ததில்லை. பிற்பகலில் சோர்ந்து, மாலையில் இன்னொன்றைத் தேடுவார். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்துக்கொண்ட 400 மில்லிகிராம் காஃபின், தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைத்துவிட்டது என்று 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் பயிற்சியாளர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். இருந்தாலும் பவுடர் விற்பனையில் அவருக்குக் கழிவு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

அவர் அடுத்தபடியாக ஆக்ஸிஜன் கேனைப் பரிந்துரைப்பார் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தச் சிவப்பணுக்கள் ஏற்கெனவே 95 முதல் 100 சதவீதம் வரை ஆக்ஸிஜனால் நிரம்பியிருக்கின்றன. நிறைகுடத்தில் மேலும் ஊற்றினால் வழிந்துதான் போகும். கடும் பயிற்சியில் நிமிடத்துக்கு 60 லிட்டருக்கும் மேல் காற்றை இழுத்து விடும் உடலுக்கு, கேனில் உள்ள சில லிட்டர் எந்த மூலைக்கு? விரல்நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை வைத்துக்கொண்டு பயிற்சியின் நடுவே பார்த்துப் பயப்படவும் வேண்டாம். கை ஆடினாலும் விரல் சில்லிட்டிருந்தாலும் அது தப்புக் கணக்குக் காட்டும்.

முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எழுபது, எண்பது பரிசோதனைகள் என்று எண்ணிக்கையைக் காட்டி விற்கப்படும் தொகுப்புகளில், உங்களைப் போன்ற ஒருவருக்கு உண்மையாகவே வேண்டிய ஃபெரிட்டின் பரிசோதனை பல நேரங்களில் இருப்பதே இல்லை. தேவையற்ற இருபது எண்கள் இருக்கும், அவற்றில் ஏதாவது ஒன்று நூலிழை விலகியிருக்கும், அதன் பின்னால் ஓட இன்னும் நான்கு பரிசோதனைகள் வரும். மாதவிலக்கு நிற்காத வயதில் உள்ள பெண்ணுக்குச் சோர்வு இருந்தால் நான் முதலில் கேட்பது மூன்றே மூன்று: ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. அது சரியாக இருந்தும், உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வற்றிப்போயிருக்கலாம். அந்த நிலையிலேயே சோர்வு தொடங்கிவிடும். 15-க்குக் கீழே போனால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். 30-க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள். ஆனால் அறிக்கையில் தடித்த எழுத்து இல்லையென்றால் ‘எல்லாம் நார்மல்’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி என்று ஓடும் மருத்துவமனையில், ‘எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?’ என்ற, செலவே இல்லாத கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரமிருப்பதில்லை. இரும்பு மாத்திரையை மட்டும் பரிசோதிக்காமல் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

இப்போது உங்கள் கணவர். கொட்டாவி தொற்றும் என்பது உண்மை. ஒருவர் விடுவதைப் பார்த்தால் அருகில் இருப்பவருக்கும் வரும். ஆனால் சர்க்கரைக்கு மருந்து எடுத்துக்கொள்பவருக்குப் பயிற்சியின் நடுவே கொட்டாவியும் தூக்கக் கலக்கமும் வந்தால், அதைத் தொற்று என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவதன் அடையாளங்களில் கொட்டாவியும் ஒன்று. அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாமே அதில்தான் இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அரிது. கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்றவை வேறு வகை. சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலேயே கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைப்பவை. முந்தைய நாள் போட்ட மாத்திரையின் வேலை மறுநாள் விடியற்காலையிலும் மிச்சமிருக்கலாம். இரவு உணவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாத வயிறு, வேலை செய்துகொண்டிருக்கும் மாத்திரை, சர்க்கரையை உறிஞ்சும் தசைகள் மூன்றும் 5.30 மணிக்கு ஒன்றாகச் சேர்கின்றன. இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ரத்த அழுத்த மாத்திரையையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது மெட்டோபிரோலால், அட்டெனோலால், புரோப்ரனலால் என்று ‘லால்’ என முடியும் பெயராக இருந்தால், சர்க்கரை தாழும்போது வரவேண்டிய படபடப்பையும் கை நடுக்கத்தையும் அது மறைத்துவிடக்கூடும். மிஞ்சுவது வியர்வை. உடற்பயிற்சிக் கூடத்தில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை? ஆகவே, படபடப்பில்லை, நடுக்கமில்லை, கொஞ்சம் மந்தமாக இருக்கிறார், கொட்டாவி விடுகிறார், இரண்டு முறை கூப்பிட்டால்தான் திரும்புகிறார் என்ற அளவிலேயே எச்சரிக்கை முடிந்துபோய், அடுத்தது மயக்கமாக இருக்கலாம்.

எனவே நாளைக் காலை புறப்படுவதற்கு முன் அவர் விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்க்கட்டும். கிளிமெபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அது 90-க்குக் கீழே இருந்தால், ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் பயிற்சி. நடுவில் கொட்டாவி வந்தால் நிறுத்திவிட்டு மறுபடியும் பார்க்கட்டும். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும். இன்னும் ஏறவில்லையென்றால் இன்னொரு 15 கிராம். மீட்டர் கையில் இல்லாத சமயத்தில் சந்தேகம் வந்தால், முதலில் குளுக்கோஸ், கேள்வி பிறகு. ஆனால் நினைவு தவறிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அளவு குறைந்திருந்தால் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் எண்களோடு போய்க் காட்ட வேண்டும். பயிற்சி முடிந்து பல மணி நேரத்துக்குப் பிறகும், அன்றிரவு தூக்கத்திலும்கூடச் சர்க்கரை தாழலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்களுக்கான வேலை எளிது. அதனாலேயே செய்யத் தோன்றாது. இரண்டு வாரம், பயிற்சியைக் கைவிடாமல், படுக்கும் நேரத்தை 10 மணிக்குக் கொண்டுவாருங்கள். அது முடியாத வீடு என்றால் காலைப் பயிற்சியை மாலைக்கு மாற்றிவிட்டு 7 மணி வரை தூங்குங்கள். விடியற்காலையில் செய்தால்தான் பலன் என்று எந்த விதியும் இல்லை. சளிக்கோ அரிப்புக்கோ இரவில் மாத்திரை போடுகிறீர்களா என்று பாருங்கள். அவற்றில் பல மறுநாள் காலையிலும் தூங்க வைக்கும். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் கொட்டாவியைக் கூட்டும். உரக்கக் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கணவரிடம் கேளுங்கள். ஆம் என்றால் எட்டு மணி நேரம் தூங்கினாலும் பயனிருக்காது, அதற்குத் தனியே பரிசோதனை உண்டு.

பயிற்சியின் நடுவே நெஞ்சில் இறுக்கமோ, கண் இருட்டிக்கொண்டு வருவதோ, மயங்கி விழுவதோ நேர்ந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றே மருத்துவமனைக்குப் போய் இசிஜி எடுக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல், தினமும் ஏழு மணி நேரம் தூங்கியும் இரண்டு வாரத்துக்குப் பிறகு கண் சொருகுவது நிற்கவில்லையென்றால், படுத்த நேரம், எழுந்த நேரம், கொட்டாவி தொடங்கிய நேரம் மூன்றையும் எழுதிய தாளோடு மேலே சொன்ன மூன்று பரிசோதனைகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணவருடைய மாத்திரை அட்டையை மட்டும் இன்றிரவே எடுத்துப் பெயரைப் படித்துவிடுங்கள்.