ஆகஸ்டில் கட்டலாம், ஜூனில் முடியாது

கேள்வி: கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது. கல்விக் கடன் இருக்கிறது, பஸ் பாஸ் இருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் இதெல்லாம் ஏது? இருந்தும் எப்போது பார்த்தாலும் கவலை, டென்ஷன் என்கிறார்கள். பாடுபடத் தெரியாத தலைமுறை என்று நான் சொன்னால் தவறா?
– முன்னாள் மாணவர் சங்கப் பொறுப்பில் உள்ள ஒரு வாசகர், தக்கலை

பதில்: தவறுதான் ஐயா. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஜூலையில் ஒரு பிள்ளை நம் அலுவலகத்துக்கு வந்தாள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இனயம் பக்கத்துக் கடற்கரை ஊர். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. சாயங்கால நேரத்தில் மெய்ப்பு பார்க்கிற வேலை கிடைக்குமா என்று கேட்டாள். கையெழுத்தைக் காட்ட ரெக்கார்டு நோட்டைப் பிரித்தபோது நான்காக மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. நகை அடகுச் சீட்டு. அம்மாவின் கம்மல், முக்கால் பவுன். முதல் வருடக் கட்டணத்துக்கு வைத்தது, இன்னும் மீட்கவில்லை. இந்த வருடம் வைப்பதற்கு வீட்டில் வேறொன்றும் இல்லை. "கட்ட முடியாதுன்னு சொல்லல சார். ஆகஸ்ட்ல கட்டிருவோம். ஜூன்லதான் முடியாது" என்றாள்.

ஏன் முடியாது? மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் படகுகள் கட்டிக்கிடக்கும். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 131 ரூபாய் வரும். கல்லூரி திறந்து வருடக் கட்டணம் கேட்பதும் இதே மாதங்களில்தான்.

மலைப்பக்கம் வாருங்கள். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற வீடுகளில் மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. நமக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. அக்டோபர் மழையில் கத்தி சும்மா கிடக்கும்போது நவம்பர் செமஸ்டருக்குத் தேர்வுக் கட்டணம் கேட்பார்கள். பிப்ரவரியில் இலை உதிர்ந்து மறுபடி வெட்டு நிற்கும், ஏப்ரல் தேர்வுக் கட்டணம் அதை ஒட்டி வந்து நிற்கும்.

கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. அதற்கு முன்பே அபராதம். அதற்கும் முன்பே, வகுப்பில் எல்லோர் முன்னாலும் "இன்னும் கட்டாதவங்க எழுந்து நில்லுங்க" என்று பெயர் வாசிப்பு. அடகுச் சீட்டைக் குனிந்து எடுத்தபோது அந்தப் பிள்ளை கலங்கவில்லை. இதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

ஆயிரம் ரூபாய்க்கு வருகிறேன். மாணவிகளுக்கான புதுமைப் பெண் 2022 செப்டம்பரிலும் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. நல்ல திட்டங்கள், பல பிள்ளைகள் பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். கடனை உடனை வாங்கிப் பிள்ளையைத் தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்த கூலி வீடுகள் நம்மூரில் கொஞ்சமா? அவர்களுக்கு இது கிடையாது. முதல் பட்டதாரி சலுகை, கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு. பி.ஏ., பி.எஸ்சி. படிக்கிறவர்களுக்கு இல்லை. அப்புறம் ஒரே வளாகத்துக்குள் அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு. பாடம் ஒன்று, கட்டணம் மலைக்கும் மடுவுக்கும்.

ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு, அரியர், படித்து முடித்தால் ஊரில் வேலை உண்டா என்கிற பயம், எல்லாம் இருக்கின்றன. ஆனால் என்னிடம் வந்து பேசுகிற பிள்ளைகள் முதலில் சொல்வது கட்டணத் தேதியைத்தான்.

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோமே, அந்தப் பெருமைக்குக் கம்மலைக் கழற்றிக் கொடுத்தவர்கள் இந்த அம்மாக்கள். அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துப் பாடுபடத் தெரியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கல்லூரி நிர்வாகத்திடம் கேளுங்கள். கடலோர, மலையோரப் பிள்ளைகளிடம் வருடக் கட்டணத்தை ஆகஸ்டிலிருந்து தவணையாக, அபராதமில்லாமல் வாங்கட்டும். வகுப்பில் பெயர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, பாக்கியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லட்டும். தேர்வுக் கட்டணம் பல்கலைக்கழகத்துக்குப் போவது, தள்ளிப்போட முடியாது என்பார்கள். சரி, அதை மட்டும் உங்கள் சங்கம் முன்பணமாகக் கட்டி, வெட்டு தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாமே. கூட்டம் என்றைக்கு என்று எழுதுங்கள், நானும் வருகிறேன்.