கிப் வராமல் லெவல் 4-க்கு அவசரம் வேண்டாம்

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது. லெவல் 3 ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளில் 40-க்கு 37 வரை வாங்கினாள். ஆனாலும் பார்ஸில் (ஒன்று தாழ்ந்தும் ஒன்று உயர்ந்தும் இருக்கும் இரண்டு கம்பிகள்) கிப், அதாவது தொங்கியபடி வீசி கம்பிக்கு மேலே ஏறுவது, வரவில்லை என்று கோச் இன்னொரு வருடம் லெவல் 3-லேயே இருக்கச் சொல்கிறார். அவளோடு இருந்த இரண்டு பேர் மேலே போய்விட்டார்கள், தினமும் அழுகிறாள். ஜிம்மை மாற்றலாமா? இந்த லெவல்களுக்கு வெளியே தனியாக நடக்கும் எக்ஸெல் போட்டிப் பிரிவில் சேர்க்கலாமா?

பதில்: பிள்ளை அழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்தான். ஆனால் கோச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அமெரிக்காவில் பெண்களுக்கான லெவல்கள் 1 முதல் 10 வரை. 5 வரை எல்லோருக்கும் ஒரே ரொட்டீன் (போட்டியில் செய்துகாட்டும் அசைவுகளின் வரிசை). 6-லிருந்துதான் சொந்த ரொட்டீன். லெவல் 3 பார்ஸில் கிப் கட்டாயம் இல்லை. லெவல் 4-இல் தாழ்ந்த பாரில் ஒன்று, உயர்ந்த பாரில் ஒன்று என இரண்டு முறை வரும். அதனால் 37 வாங்கிய பிள்ளையும் அங்கே திணறிப்போவாள்.

கிப் வெறும் கைபலத்தால் வருவதில்லை. பாரைப் பிடித்தபடி, கால் தரையில் படாமல் முன்னால் வழுக்கிப் போக வேண்டும். உடம்பு முழுக்க நீண்டதும் கால்விரல்களைப் பாருக்குக் கொண்டுவந்து, பார் கணுக்காலிலிருந்து இடுப்புவரை காலை ஒட்டியே வருகிற மாதிரி இழுக்க வேண்டும். 'பேன்ட் போடுற மாதிரி இழு' என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். கடைசி நொடியில் மணிக்கட்டு பாருக்கு மேலே திரும்பணும். திரும்பாவிட்டால் அப்படியே கீழே தொங்கிவிடுவார்கள். பல பிள்ளைகளுக்கு இது கைகூட மாதக்கணக்கில் ஆகும். திடீரென்று ஒரு நாள் வந்துவிடும், மறுநாள் காணாமல் போகும். பத்துக்கு எட்டு முறையாவது வந்த பிறகு போட்டியில் இறக்குவதே நல்லது. பாரிலிருந்து ஒரு தடவை விழுந்தாலே 0.5 போய்விடும், மார்க்கைவிட, பயம் பிடித்துக்கொண்டால் அதை விரட்டுவதுதான் பெரும்பாடு.

ஜிம்மை மாற்றும் முன் கோச்சிடம் ஒன்று கேளுங்கள்: போட்டி லெவல் 3-இல் இருந்தாலும், பயிற்சியில் லெவல் 4 விஷயங்களைக் கற்றுத் தருவீர்களா? ஆமாம் என்றால் அங்கேயே இருங்கள். வருடம் முழுக்க பழைய ரொட்டீனையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள் என்றால் மட்டும் வேறு இடம் பாருங்கள்.

எக்ஸெல்லைத் தாழ்வாக நினைக்காதீர்கள். பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட், சஃபையர் என்று போகும் அதில் சொந்த ரொட்டீன் உண்டு, பொதுவாகப் பயிற்சி நேரமும் குறைவு. டான்ஸ், பாட்டு வகுப்பு என்று வேறு ஆசைகளும் அவளுக்கு இருந்தால் அதுவே பொருத்தம்.

வயது தாண்டிவிடும் என்ற கவலை வேண்டாம். 10 வயதில் லெவல் 4 தொடங்கி வருடத்துக்கு ஒன்றாக ஏறினாலும் 16-இல் லெவல் 10. அதுவரை ஏறுபவர்கள் குறைவு என்பதும் உண்மை.

வீட்டில் பார் வாங்கி மாட்டி கிப் பழக்காதீர்கள். தொங்கிக்கொண்டு காலைத் தூக்கும் பயிற்சி போதும், அதுவும் கோச் சொன்ன அளவுக்கு. மணிக்கட்டு வலிக்கிறது என்று சொன்னால் அன்றைக்கே நிறுத்துங்கள்; இந்த வயதில் எலும்பு வளரும் இடம் அங்கேயும் இருக்கிறது. வலி போகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.