முகம் பார்த்து நிற்பவள்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எழுத்துகளைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். சென்ற வாரம் ஒரு மசாலாத்தூள் விளம்பரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மருமகள் குழம்பு வைக்கிறாள், மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தலையசைக்கிறார், மருமகளின் முகம் மலர்கிறது. ‘இதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது’ என்று முடித்திருந்தீர்கள். எனக்கு அது புரியவில்லை. எங்கள் வீட்டில் முன்பு அம்மா சமைத்தார், இப்போது மனைவி சமைக்கிறாள். இருவரும் பிரியத்தோடுதான் செய்கிறார்கள். அந்தப் பிரியத்தைக் காட்டினால் குற்றமா? மளிகைச் சாமான் வாங்குவதும் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களைக் காட்டாமல் வேறு யாரைக் காட்டுவார்கள்? மனைவிக்கும் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். தோசை ஊற்றிக்கொண்டே கேட்டாள். ‘விளம்பரம்தானே, விடுங்க’ என்றாள். எப்படிப்பட்ட விளம்பரம் உங்களுக்குப் பிடிக்கும் என்றாவது சொல்லுங்கள்.

ஒரு வாசகர், ஓசூர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் அம்மாவின் பிரியத்தை நான் ஒரு சொல்லாலும் குறை சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட கைகளில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தாம் நாம் எல்லோரும். அந்தப் பெண் சமைத்ததற்காக எனக்கு வயிறு எரியவில்லை. சமைத்து முடித்துவிட்டு நிற்கிறாளே, அந்த நிற்பதற்காக எரிந்தது.

என் அம்மாவைப் பற்றிச் சொன்னால் விளங்கும். அம்மா சமைக்கும்போது உப்புப் பார்க்க மாட்டார். எச்சில் பட்டுவிடும் என்று பிறந்த வீட்டிலேயே பழக்கியிருந்தார்கள். கொதிக்கிற வாசனையை வைத்தே கணித்துவிடுவார், ஆனாலும் மனதுக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். அப்பா உட்கார்ந்து முதல் கவளத்தைப் பிசைந்து வாயில் வைக்கும்வரை கரண்டியும் கையுமாக அடுப்படி நிலைப்படியில் நிற்பார். அப்பாவின் கை அடுத்த கவளத்துக்குப் போனால் உப்பு சரி என்று அர்த்தம். கை ஒரு கணம் நின்றால் அம்மாவின் முகம் வாடிவிடும். அப்பா சாப்பாட்டைக் குறை சொல்கிறவரே இல்லை. அவர் முன்னாலும் அந்தப் பயம் இருந்தது.

அப்பா போன பிறகு ஒருநாள், அம்மா கொதிக்கும் ரசத்திலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்ததைக் கண்டேன். அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது. நான் பார்த்ததை அவர் கவனிக்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நிலைப்படியைத்தான் விளம்பரக்காரர்கள் எடுத்து, விளக்கொளி போட்டு, நல்ல புடவை கட்டிவிட்டு நமக்குத் திருப்பிக் காட்டுகிறார்கள். இன்று இரவு தொடர்களுக்கு நடுவே வரும் சமையல் எண்ணெய், மசாலாத்தூள், சேமியா விளம்பரங்களைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் வரிசை ஒன்றுதான். அவள் கை, பாத்திரம், ஆவி. அடுத்து கணவனோ மாமியாரோ பிள்ளையோ வாயில் வைக்கும் முகம். அடுத்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அவள் முகம். மேசையில் எல்லோருக்கும் தட்டு இருக்கும், அவளுக்கு இருக்காது. சமைத்தவள் உட்கார்ந்து சாப்பிடும் காட்சியைத் தேடிப் பாருங்கள். பிறகு சத்தத்தைக் கூட்டினால், பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று விளக்குவது பல சமயம் ஓர் ஆண் குரலாக இருக்கும்.

வீட்டில் அவள் கடைசியில் சாப்பிடுவதும், மிஞ்சியதைச் சாப்பிடுவதும் நமக்கு உறுத்தாமல் போனதில் இந்தக் காட்சிகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். மாதவிடாய், பிரசவம் என்று அதற்கு உடல் சார்ந்த காரணங்கள் பல உண்டு. தட்டில் என்ன விழுகிறது என்பதும் ஒரு காரணம்.

வாங்குவது பெண்கள்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குகிறவரிடம் பேசுவதில் தவறில்லை. எதைச் சொல்லிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். இதயத்துக்கு நல்லது என்று விற்கும் எண்ணெயில் கணவனின் நெஞ்சுவலிக்கு மனைவியின் வாணலி பொறுப்பாகிறது. சத்து பானத்தில் பிள்ளையின் உயரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் அம்மாவின் டம்ளர் பொறுப்பாகிறது. அவளுக்குக் குற்றவுணர்ச்சியைக் கொடுத்துவிட்டு, அதற்கு மருந்தாகப் பொருளை விற்கிறார்கள். மேகி 1983-இல் இந்தியாவுக்கு வந்தது. வெந்நீர் வைக்கத் தெரிந்த யாரும் இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம் என்பதுதான் அதன் பெருமையே. ஆனாலும் விளம்பரத்தில் பசியோடு ஓடிவரும் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நிமிடத்தையும் கொடுக்க வேண்டியவர் அம்மாதான். அப்பா அந்தப் பக்கமே வரவில்லை.

வேலைக்குப் போகும் பெண்ணைக் காட்டினால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2014-இல் ஏர்டெல் ஒரு விளம்பரம் எடுத்தது. அலுவலகத்தில் அவள் மேலதிகாரி, அவளுக்குக் கீழே வேலை பார்ப்பவன் அவள் கணவன். நல்ல தொடக்கம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு, வீடியோ அழைப்பில் பதார்த்தங்களைக் காட்டி அவனைச் சாப்பிட வரச் சொல்கிறாள். அன்றைக்கு நாள் முழுவதும் எனக்கு ஆறவில்லை.

இதில் எனக்கு விளங்காத ஒன்றும் உண்டு. நல்ல சமையலைத் தமிழில் எப்படிப் புகழ்கிறோம்? நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். இரண்டு பேரும் ஆண்கள். கல்யாணப் பந்திக்குச் சமைப்பவர் ஆண். டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், பிரியாணி மாஸ்டர் என்று தெருவெல்லாம் ஆண்கள் சமைக்கிறார்கள். கூலி கிடைக்கும் இடத்தில் ஆணின் கைக்கு அடுப்பு பழகிவிடுகிறது. கூலி இல்லாத இடத்தில்தான் அது பெண்ணின் பிரியமாகிறது. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்ததாகச் சொன்ன பெண்கள் 81 சதவீதம், ஆண்கள் 26 சதவீதம். அப்படிச் செய்தவர்களிலும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டிருந்தார்கள்.

உங்கள் மனைவி ‘விளம்பரம்தானே, விடுங்க’ என்றார் அல்லவா? 2021 ஆகஸ்டில் நடிகை சித்ரா இறந்தார். தமிழிலும் மலையாளத்திலும் ஏராளமான படங்களில் நடித்தவர். தமிழ்நாட்டு அஞ்சலிச் செய்திகள் பலவற்றில் அவர் ‘நல்லெண்ணெய் சித்ரா’. இதயம் நல்லெண்ணெய் விளம்பரம் கொடுத்த பெயர் அது. அந்த விளம்பரத்தின் மீது எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. அத்தனை படங்களையும் தாண்டி ஒரு விளம்பரம் ஒருவர் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது என்றால், தினமும் பத்துத் தடவை பார்க்கும் குழந்தையின் மனதில் அது எதையெல்லாம் ஒட்டவைக்கும் என்று யோசிக்கிறேன்.

இது என் ஒருத்தியின் மனக்குறை அல்ல. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஏழாவது விதி விளம்பரங்களைப் பற்றியது. குடும்பத்திலும் சமூகத்திலும் பெண் அடங்கிப்போகிறவள், இரண்டாம் இடத்தில் இருக்க வேண்டியவள் என்று ஊக்குவிக்கும்படி காட்டக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுமமான ஆஸ்கி 2022 ஜூனில் தனி நெறிமுறையே கொண்டுவந்தது. பெண் வீடு கூட்டுவதைக் காட்டலாம், ஆனால் அந்த வேலை எப்போதும் பெண்ணுக்கே உரியது, அவளுக்கு வேறு வழியில்லை, ஆண் அதைச் செய்யவே மாட்டான் என்று சொல்லக்கூடாது. உங்கள் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது. தவறாகப் படும் விளம்பரத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் ஆஸ்கியிடம் இணையத்தில் புகார் கொடுக்கலாம்.

பிரிட்டனில் இப்படியொரு விதி 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் முதலில் தடை செய்யப்பட்ட இரண்டு விளம்பரங்களில் ஒன்று பிலடெல்பியா சீஸ் விளம்பரம். உணவு நகர்ந்துபோகும் பட்டையில் கைக்குழந்தையை வைத்துவிட்டு, சாப்பாட்டு மயக்கத்தில் குழந்தையை மறந்துபோகும் அப்பாக்கள். 128 பேர் புகார் செய்தார்கள். அப்பா என்றால் பிள்ளை பார்க்கத் தெரியாதவன் என்பது ஆணுக்கு அவமானம் என்று அங்கே உறைத்திருக்கிறது. நம் விளம்பரங்களில் சீரகத்துக்கும் சோம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் விழிக்கும் கணவனைப் பார்த்து உங்களுக்கும் உறைக்க வேண்டும், தம்பி.

எப்படிப்பட்ட விளம்பரம் பிடிக்கும் என்று கேட்டீர்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவள் உட்கார்ந்திருக்கட்டும். முன்னால் அவளுக்கென்று ஒரு தட்டு இருக்கட்டும். சூடாக இருக்கும்போதே சாப்பிடட்டும், உப்புக் குறைந்தால் எட்டி எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். அடுத்த தோசையை யாராவது கொண்டுவந்து வைக்கட்டும். கேமரா யார் முகத்துக்கும் போகாமல் அவள் கை சாப்பிடுவதையே காட்டிக்கொண்டிருக்கட்டும்.

உங்கள் மனைவியிடம் என் குறிப்பை இன்னொரு தடவை படித்துக் காட்டுங்கள். இந்தத் தடவை அவர் உட்கார்ந்து சாப்பிடட்டும், நீங்கள் தோசை ஊற்றிக்கொண்டே படியுங்கள். அப்போதும் ‘விடுங்க’ என்றே சொன்னால் அதையும் எழுதி அனுப்புங்கள், வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா